சடை யானைகளுக்கு வாசித்தவர்கள்

1952ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு ‘தி ஜங்கிள்’ என்றொரு படம் வந்தது. கதை நடப்பது இந்தியாவில். காட்டு யானைகள் மிரண்டு ஓடி ஊர்களை மிதித்து நாசம் செய்கின்றன. எதைக் கண்டு மிரள்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. ஓர் இளவரசி, ராமா சிங் என்ற அரச குடும்பத்துக்காரர், ஒரு வெள்ளைக்கார வேட்டைக்காரர் ஆகியோர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். போகிறார்கள், போய்க்கொண்டே இருக்கிறார்கள். நடுநடுவே விலங்குகள் வந்து முகம் காட்டிவிட்டுப் போகின்றன. படம் முடியும் நேரத்தில் உண்மை வெளிப்படுகிறது: யானைகளை விரட்டியவை, பனியுகத்தோடு அழிந்துபோனதாக நாம் நினைத்துக்கொண்டிருந்த மாமத் என்னும் சடை யானைகள். சாதுவான வளர்ப்பு யானைகளின் மேல் சடையைப் போர்த்திக் கேமரா முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது கஷ்டம்.

இதை எடுத்தவர்கள் இரண்டு கூட்டாளிகள். ஒன்று, ஹாலிவுட்டில் மலிவுப் படங்களை வரிசையாக இறக்கிக்கொண்டிருந்த ராபர்ட் லிப்பர்ட்டின் கம்பெனி. இன்னொன்று, சேலம் ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ். இயக்கியவர் வில்லியம் பெர்க். நடித்தவர்கள் ராட் கேமரன், மேரி வின்ட்ஸர், சீஸர் ரொமேரோ. கூடவே நம் எம்.என். நம்பியார். இசை என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் வருகின்றன: தட்சிணாமூர்த்தி, ஜி. ராமநாதன்.

படத்தை நல்ல படம் என்று சொல்ல வாய் வரவில்லை. கதை ஒரு வாரப் பத்திரிகைச் சிறுகதைக்கே போதாது. நடிகர்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு விஷயங்களை மட்டும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, ஒளிப்பதிவாளர் கிளைட் டி வின்னாவின் வேலை. பேசாப் படக் காலத்தின் இறுதியில் தென்கடல் தீவுகளை எடுத்த ஒரு படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர் அவர். மற்றது, இசை. படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் அது காதில் நிற்காது. திரையை மறைத்துவிட்டுக் கேட்டால்தான், சடை யானைக்கு வாசிக்கிறோம் என்று இந்த வாத்தியக்காரர்கள் எங்கும் கை தளர்த்தவில்லை என்பது தெரிகிறது. படத்தின் தரம் இசைக்கு ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரை தேடுகிறது.

எளிதான பதில் ஒன்று உண்டு: ராமநாதன் மேதை, மேதை எதைத் தொட்டாலும் பொன். இந்தப் பதில் தப்பில்லை, ஆனால் போதாது. மேதைகள் அலட்சியமாகச் செய்து தள்ளிய வேலைகளும் திரையிசையில் மலைபோல் குவிந்திருக்கின்றன. சேலத்தில் நடந்ததைப் புரிந்துகொள்ள, ஆளைவிட அந்த ஆள் உட்கார்ந்து வேலை செய்த இடத்தை முதலில் பார்க்க வேண்டும்.

மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய டி.ஆர். சுந்தரம் 1907இல் திருச்செங்கோட்டில் செங்குந்தர் குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் லீட்ஸ் போய்ப் படித்தது ஜவுளித் தொழில்நுட்பம். திரும்பி வந்து, சேலத்தில் ஏஞ்சல் பிலிம்ஸில் பங்குதாரராகச் சினிமாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 1930களின் நடுவில் சொந்தமாக ஸ்டூடியோ கட்டினார். முதல் படம் ‘சதி அகலிகை’ 1937இல் வந்தது. அடுத்த ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ இங்கிருந்து போனது. 1956இல் தமிழின் முதல் வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ இங்கிருந்துதான் வந்தது. 1963 ஆகஸ்டில் சுந்தரம் காலமானார். அவருக்குப் பிறகும் ஸ்டூடியோ ஓடியது. மொத்தத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள்.

படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக் கூடம், லேப், எடிட்டிங் எல்லாம் ஒரே மதில் சுவருக்குள் இருந்தன. நடிகர்கள், வசனகர்த்தாக்கள், தச்சர், பெயிண்டர் வரை மாதச் சம்பளம். மு. கருணாநிதியும் கண்ணதாசனும் சம்பளப் பட்டியலில் இருந்த காலம் அது. நேரத்துக்கு வர வேண்டும், நேரத்துக்குப் படம் முடிய வேண்டும் என்பதில் முதலாளி கறார். ஜவுளி மில்லை நடத்தப் படித்த மனிதர் ஸ்டூடியோவையும் அப்படித்தான் நடத்தினார் என்று சேலத்துக்காரர்கள் சொல்வது பாராட்டாகவும் வரும், புகாராகவும் வரும்.

இசைக்கு இதில் என்ன சம்பந்தம்? நிறையவே. படத்துக்குப் படம் ஆள் பிடிக்கும் கம்பெனியில், இசைக்கு ஒதுக்கும் பணம் படத்தின் மீதுள்ள நம்பிக்கையைப் பொறுத்தது. பெரிய படத்துக்கு இருபது வயலின், சின்னப் படத்துக்கு நான்கு. ஸ்டூடியோ முறையில் அப்படியில்லை. வாத்தியக் கோஷ்டி ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது, மாதம் பிறந்தால் சம்பளம் போய்விடுகிறது. படம் காவியமோ குப்பையோ, வாசிக்கப்போவது அதே ஆட்கள், அதே ஹாலில், அதே மைக்குக்கு முன்னால். கதை இலாகாவில் ஒரு வருஷம் மோசமாகப் போகலாம். மாதக்கணக்கில் சேர்ந்து வாசித்துப் பழகிய கோஷ்டிக்கு அப்படிச் சட்டென்று சரிவு வராது. ஒருவர் இழுக்கும் வில்லின் நீளம் அடுத்தவருக்குத் தெரிந்திருக்கும். சடை யானைப் படத்தில் கேட்கும் அந்த ஒழுங்குக்கு மூலகாரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கோஷ்டி என்றால் எப்படிப்பட்டது? 1940களின் இறுதியில் தென்னிந்திய ஸ்டூடியோக்களில் இரண்டு உலகத்து வாத்தியங்கள் ஒரே பாயில் உட்காரத் தொடங்கியிருந்தன. வயலின், செல்லோ, டபுள் பாஸ், கிளாரினெட், டிரம்பெட், பியானோ ஒருபுறம். வீணை, புல்லாங்குழல், ஆர்மோனியம், மிருதங்கம், தபேலா, டோலக் மறுபுறம். மேல்நாட்டு வாத்தியங்களை வாசித்தவர்களில் ஆங்கிலோ இந்தியர்களும் கோவாக்காரர்களும் பேண்டு வாத்தியத்தில் பழகிய கிறித்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு நொட்டேஷன் வேண்டும். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஸ்வரம் பாடிக் காட்டினால் போதும். நடுவில் நின்று இரண்டு கூட்டத்தையும் ஒரே தாளத்தில் கட்டுவதுதான் இசையமைப்பாளருடைய பாதி வேலை. சென்னையில் ஜெமினியின் ‘சந்திரலேகா’ 1948இல் இதைப் பிரம்மாண்டமாகச் செய்து காட்டியது, எஸ். ராஜேஸ்வர ராவுக்கும் எம்.டி. பார்த்தசாரதிக்கும் அந்தப் பெருமை இன்றும் கிடைக்கிறது. படம் பெரிது, ஆகவே இசையும் பேசப்பட்டது. சேலத்தில் அதே காலத்தில் அதே வித்தையைச் செய்தவர்களுக்கு அப்படியொரு படம் எப்போதும் அமையவில்லை.

அந்தக் காலத்து ரீரெக்கார்டிங்கைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். திரைத்துறையில் இதை ‘ஆர்.ஆர்.’ என்று சுருக்கிச் சொல்வார்கள். முப்பத்தைந்து மில்லிமீட்டர் பிலிம் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். ஆயிரம் அடி ரீல் ஒன்றுக்குப் பதினொரு நிமிடம். ‘தி ஜங்கிள்’ ஓடும் நேரம் ஒன்றேகால் மணியைத் தொடவில்லை. அதாவது ஏழு ரீல். ஹாலின் ஒரு சுவரில் திரை. படத்தில் ஒரு துண்டை ஓட்டுவார்கள். இசையமைப்பாளர் திரையைப் பார்த்தபடி கை அசைப்பார். கோஷ்டி அவர் கையைப் பார்த்து வாசிக்கும். வேட்டைக்காரர் துப்பாக்கியைத் தூக்கும் நொடியில் டிரம்பெட் விழ வேண்டும் என்றால், அந்த நொடியில்தான் விழ வேண்டும். அரை நொடி தப்பினால் மொத்தக் கோஷ்டியும் முதலிலிருந்து. பிறகு சேர்த்துக்கொள்ளலாம், தனித்தனியாகச் சரிசெய்யலாம் என்ற பேச்சே கிடையாது. சமநிலை என்பது உட்காரும் இடத்தில் இருந்தது: வயலின்கள் மைக்குக்கு அருகில், குழல் அதற்கும் அருகில், டிரம்பெட் பின் சுவரோரம், தாளக்காரர்கள் ஒரு மூலையில். ஒருவரை இரண்டடி நகர்த்தி உட்கார வைப்பதுதான் அன்றைய மிக்ஸிங்.

இப்படிப் பதிவானது பிலிமின் ஓரத்தில் மெல்லிய ஒளித்தடமாகப் போய்ச் சேரும். அந்தத் தடத்தால் தாங்க முடிந்த ஒலியின் எல்லை குறுகலானது. அடிக்குரலும் உச்சக்குரலும் அங்கேயே பாதி போய்விடும். அதன் மேல் வசனம் ஏறும். பிறகு யானைப் பிளிறல், மரம் முறியும் சத்தம். பிரதி பத்துக் கொட்டகை சுற்றி வந்தால் மிச்சமிருப்பதும் கரகரக்கும். இன்று நாம் கேட்பது அந்த மிச்சம். அதிலேயே இவ்வளவு தெரிகிறதென்றால் ஹாலில் எப்படி இருந்திருக்கும் என்பதை அவரவர் கணித்துக்கொள்ளலாம்.

இரண்டு இசையமைப்பாளர்களில் ஜி. ராமநாதன் திருச்சிக்குப் பக்கத்துப் பிச்சாண்டார்கோவிலில் இருந்து வந்தவர். அண்ணன் சுந்தர பாகவதரின் ஹரிகதைகளுக்கு ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவர். கதாகாலட்சேபத்தில் பின்பாட்டும் ஆர்மோனியமும் என்ன செய்கின்றன என்று யோசித்தால் இவருடைய திரை வாழ்க்கைக்கு அது எவ்வளவு பொருத்தமான பயிற்சி என்று புரியும். பாகவதர் கதையை எங்கே நிறுத்துவார், எங்கே நகைச்சுவைக்குத் தாவுவார், எங்கே கண்ணீருக்குப் போவார் என்பதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து அதற்கு ஏற்ற ஸ்வரத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும். திரையைப் பார்த்து ஆர்.ஆர். போடுவதும் ஏறக்குறைய அதுதான்.

அவருடைய கைத்திறனுக்கு எடுத்துக்காட்டாக, இந்தப் படத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் அதே மாடர்ன் தியேட்டர்ஸுக்காகச் செய்த ‘மந்திரி குமாரி’யை நினைத்துப் பார்க்கலாம். பார்த்திபனாக எஸ்.ஏ. நடராஜன், அமுதவல்லியாக மாதுரி தேவி. மனைவியை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்ல அழைத்துப் போகிறான் கணவன். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்தப் பாட்டைத் தெரியாத தமிழர் குறைவு. கொலைக்குப் போகும் பாதைக்கு இசை கொலைக்கான அறிகுறி எதையும் தருவதில்லை. நிலாவில் உலாவப் போகிற காதலர்களுக்கு உரிய ஆட்டமும் இனிமையும் மட்டும். அந்த இனிமைதான் பார்ப்பவர் வயிற்றைப் பிசைகிறது. பயத்துக்குப் பயம், சோகத்துக்குச் சோகம் என்று நேர்க்கணக்குப் போடாத ஆள் இவர். அந்தப் படத்துக்குக் கருணாநிதியின் வசனம் இருந்தது, எல்லிஸ் ஆர். டங்கனின் காட்சியமைப்பு இருந்தது. இசை தன் வேலையைச் செய்தது, எல்லாரும் கவனித்தார்கள். ‘தி ஜங்கிள்’ காலத்தில் அதே கை எதைப் பிடித்துக்கொண்டு ஏறுவது? நடந்துகொண்டே இருக்கும் ஒரு கூட்டம். கடைசியில் சடை யானை.

தட்சிணாமூர்த்தி ஆந்திரத்திலிருந்து வந்த வயலின்காரர். ‘சர்வாதிகாரி’, ‘வளையாபதி’, பிறகு ‘அலிபாபா’ என மாடர்ன் தியேட்டர்ஸுக்குத் தொடர்ந்து இசையமைத்தவர். அவர் இந்தப் பட்டியலில் இருப்பதை வைத்து வயலின் பகுதிகளை எல்லாம் அவர் கணக்கில் எழுதிவிட ஆசை வரும். எது யாருடையது என்று டைட்டில் பிரித்துச் சொல்லவில்லை, நானும் பிரிக்கப்போவதில்லை.

மோசமான படத்துக்குள் நல்ல இசை தங்குவதற்கு ஸ்டூடியோச் சம்பளத்தைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. இசையமைப்பாளர் கடைசியில் வருகிறவர். அவர் ஹாலுக்குள் நுழையும்போது படம் எடுத்து முடிந்துவிட்டது, தவறுகளெல்லாம் வெட்டி ஒட்டப்பட்டுத் திரையில் நிற்கின்றன. நடிகர் விட்டதை, எடிட்டரால் மறைக்க முடியாததை, இழுத்துப்பிடிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. நல்ல படத்தில் இசைக்கு ஒதுங்கத் தெரிந்திருக்க வேண்டும். மோசமான படத்தில் ஒதுங்கினால் திரை காலி. ‘தி ஜங்கிள்’ போல வசனம் அதிகமில்லாமல் நடந்துகொண்டே போகிற படத்தில் நிமிடக்கணக்கில் இடைவெளி கிடைக்கிறது. பாட்டுக்கு உள்ள மூன்று நிமிட எல்லை அங்கே இல்லை. பல்லவி, சரணம் என்ற சட்டமும் இல்லை. தமிழ்ப் படம் ஒருபோதும் கொடுத்திராத நீளத்தில் வாத்திய இசை மட்டும் எழுத அந்தச் சேலத்துக்காரர்களுக்கு ஓர் அமெரிக்க மலிவுப் படம் இடம் விட்டது. இது வேடிக்கையான கொடை.

லிப்பர்ட் கம்பெனியின் பழைய கணக்கைப் புரட்டினால் இது தற்செயல் இல்லை என்று தெரியும். 1950இல் அவர்கள் அவசர அவசரமாக எடுத்து வெளியிட்ட ராக்கெட் படம் ‘ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்’. அதற்கு இசை ஃபெர்டே குரோஃபே; கெர்ஷ்வினின் ‘ராப்ஸடி இன் புளூ’வுக்கு வாத்தியக் கோப்பு எழுதியவர், ‘கிராண்ட் கேன்யன்’ தொகுப்பின் ஆசிரியர். அடுத்த ஆண்டு ‘லாஸ்ட் கான்டினென்ட்’: கதை கரோல் யங், நடிப்பு சீஸர் ரொமேரோ, அழிந்துபோன விலங்குகள் வரும் பகுதிக்குப் பச்சை நிறம். அதற்கடுத்த ஆண்டு சேலத்துப் படம்: அதே கரோல் யங், அதே ரொமேரோ, மீண்டும் அழிந்துபோன விலங்கு, இம்முறை பழுப்பு நிறம். (பின்னாளில் தொலைக்காட்சி ‘பேட்மேன்’ தொடரில் ஜோக்கராக வந்த ரொமேரோதான் இவர்.) ஒரே அச்சில் வார்த்த படங்கள், கதைக்குச் செலவில்லை, செட்டுக்குச் செலவில்லை. இசைக்கு மட்டும் எப்படியோ கைதேர்ந்தவர்கள் கிடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதைவிடப் பிரபலமான உதாரணம் 1953இல் வந்தது. கொரில்லா வேஷம் போட்ட ஆளின் தலையில் முக்குளிப்பவர்களின் இரும்புக் கவசத்தை மாட்டி, இதுதான் விண்வெளியிலிருந்து வந்த ரோபோ என்று காட்டிய ‘ரோபோ மான்ஸ்டர்’. உலகத்தின் மிக மோசமான படங்களின் பட்டியலில் நிரந்தர இடம் அதற்கு. இசை எல்மர் பெர்ன்ஸ்டைன். மூன்று வருஷம் கழித்து ‘டென் கமாண்ட்மென்ட்ஸ்’, அதன்பின் ‘மேக்னிஃபிஸன்ட் செவன்’ எல்லாம் செய்யப்போகிறவர். இடதுசாரித் தொடர்புச் சந்தேகத்தால் பெரிய ஸ்டூடியோக்கள் வேலை தராத காலத்தில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு நெருக்கடி, சேலத்துக் கோஷ்டிக்கு மாதச் சம்பளம். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான்: படத்தின் தகுதிக்கு மேற்பட்ட ஆள் அந்த ஹாலில் நின்று கை அசைத்தார்.

இங்கே ஒரு சந்தேகத்தைக் கேட்காமல் நகரக் கூடாது. படம் கேவலமாக இருப்பதால்தானே இசை உசத்தியாகத் தெரிகிறது? எதிர்பார்ப்பைத் தரையில் வைத்துவிட்டால் எது வந்தாலும் உயரமாகத்தான் தெரியும். இந்தச் சந்தேகத்துக்கு வலு உண்டு. பெர்ன்ஸ்டைனின் அந்த இசையைக் கொண்டாடுகிறவர்களில் பாதிப்பேர் கொரில்லாவோடு சேர்த்துத்தான் கொண்டாடுகிறார்கள். இதற்கு ஒரே சோதனை, இசையைப் படத்திலிருந்து பிரித்துக் கேட்பது. பாட்டென்றால் இசைத்தட்டு இருக்கிறது, பின்னணி இசைக்கு? இந்த இடத்தில்தான் தமிழ்த் திரையிசையின் வரலாறு எழுதுகிறவர்கள் முட்டி நிற்கிறார்கள்.

ஒரு படம் வெளியானால் அன்று அதிலிருந்து இரண்டு பொருள்கள் தனியாகப் பிரிந்து வீட்டுக்குப் போயின. ஒன்று கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிக்கும் அந்த மெல்லிய புத்தகம். மற்றொன்று ஒரு பக்கத்துக்கு மூன்றேகால் நிமிடம் ஓடும் கிராமபோன் தட்டு. ஒன்றில் வரிகள் தங்கின, மற்றதில் பாட்டு தங்கியது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இரண்டையும் இன்றும் பார்க்கலாம். பின்னணி இசைக்கு இந்த வழி எதுவும் கிடையாது. அது படத்தின் ஓரத்தில் மட்டும் இருந்தது. வாசித்து முடித்ததும் நொட்டேஷன் தாள்களை யாரும் பத்திரப்படுத்தவில்லை. அடுத்த படத்துக்கு நாளை மறுநாள் காலை ஆர்.ஆர்.

படமோ நிற்கிற பொருள் இல்லை. அதே ஸ்டூடியோவின் ‘பாலன்’, ஒரு மொழியின் முதல் பேசும் படம், இன்று பிரதி இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் தொடங்கியபோது பழைய நைட்ரேட் பிலிம்களில் பெரும்பகுதி எரிந்தோ, மக்கியோ, வெள்ளிக்காக உருக்கப்பட்டோ போய்விட்டிருந்தது. முதல் படத்துக்கே இந்தக் கதியென்றால், மோசமான படத்தின் பெட்டியை யார் பாதுகாப்பார்கள்? வசூலாகாத படத்தின் பிரதிக்கு வட்டார விநியோகஸ்தரின் அறையில் வாடகைகூட வராது. நல்ல படத்துக்குள் இருந்த இசைக்குப் படத்தின் நற்பெயர் காவல். மோசமான படத்துக்குள் இருந்த இசைக்கு ஒன்றுமில்லை.

பிறகு ‘தி ஜங்கிள்’ எப்படித் தப்பியது? சடை யானைகள் காப்பாற்றின. அமெரிக்காவில் 1950களின் ராட்சதப் பிராணிப் படங்களுக்கென்று தீராத ரசிகர் கூட்டம் உண்டு. எவ்வளவு மோசமோ அவ்வளவு பிரியம். மாமத் வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக இந்தப் படமும் அவர்களுடைய பட்டியலில் ஏறியது. டிவிடி வரைக்கும் வந்துவிட்டது. படத்தின் மிகக் கேலிக்குரிய அம்சம் எதுவோ அதுவே படத்தையும், படத்தோடு ஒட்டியிருந்த வாசிப்பையும் கரைசேர்த்தது. இதற்கு முன்னுதாரணமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1933இன் பேசாப் படமான ‘மார்த்தாண்ட வர்மா’ இன்றும் இருப்பதற்குக் காரணம், கதையுரிமைத் தகராறில் புத்தகக் கம்பெனி பிரதியைக் கைப்பற்றித் தன் வசம் வைத்துக்கொண்டதுதான். கலைமதிப்பால் தப்பியவை குறைவு. வழக்காலும் கேலியாலும் தப்பியவை நாம் நினைப்பதைவிட அதிகம்.

இதே சேலத்தில் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து நடந்ததையும் சொல்ல வேண்டும். சுந்தரத்துக்குப் பிறகு ஸ்டூடியோ ஜெய்சங்கர், மனோகர் வகையறாவை வைத்து மர்மப் படங்களை வரிசையாக இறக்கியது: ‘வல்லவனுக்கு வல்லவன்’, ‘இரு வல்லவர்கள்’, ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’. யாரும் கலைப்படைப்பு என்று உரிமை கொண்டாடாத படங்கள். இசை வேதா. இந்தியில் ஓடிய மெட்டுகளை வாங்கித் தமிழில் போடுவது அங்கே நடைமுறை, ரவி, ஓ.பி. நய்யார் மெட்டுகள் தமிழ்ச் சொல் ஏறி வந்தன, அவை இன்றும் பிரியமாகக் கேட்கப்படுகின்றன. அதனால் வேதாவுக்குக் காப்பியடிப்பவர் என்ற முத்திரை நிலைத்துவிட்டது. பாட்டை இரவல் வாங்கலாம். துரத்தலையும் ஒளிந்துபார்த்தலையும் அடிதடியையும் நொடிக்கணக்கில் அளந்து எடுத்த ஒரு தமிழ்ப் படத்தின் ஆர்.ஆரை வெளியிலிருந்து அப்படியே தூக்கி வர முடியாது. அதை அந்தப் படத்துக்கென்று உட்கார்ந்துதான் போட்டாக வேண்டும். வேதா யார் என்று அறிய வேண்டுமானால் பாட்டுகளைத் தள்ளிவிட்டுப் பாட்டுகளுக்கு நடுவே உள்ள பகுதியைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. இசைத்தட்டு நமக்குக் கொடுத்த வேதா பாதி வேதா.

ஸ்டூடியோக்கள் சாய்ந்த பிறகு கணக்கு மாறியது. வாத்தியக்காரர்கள் சென்னையில் கால்ஷீட்டுக்கு வேலை செய்பவர்களானார்கள். எம்.பி. சீனிவாசன் முன்நின்று சினி இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்த பிறகுதான் கூலிக்கு ஒரு நிலைப்பு வந்தது. மாதச் சம்பளக் கோஷ்டி போய்விட்டால் மோசமான படத்துக்கு நல்ல இசை கிடைப்பதும் நின்றிருக்க வேண்டும், என் வாதம் முழுக்கச் சரியாக இருந்தால். நிற்கவில்லை. 1976இல் இளையராஜா வந்தார். ஓடும் ரீலை ஒருமுறை பார்த்துவிட்டு, வாத்தியம் எதையும் தொடாமல், எல்லா வாத்தியங்களுக்குமான நொட்டேஷனையும் நேராகத் தாளில் எழுதும் வேகம். வருஷத்துக்கு நாற்பது ஐம்பது படம் செய்த அந்த வேகத்தில் படத்தின் தரம் பார்த்து இசையைக் கூட்டிக் குறைக்க நேரமே இல்லை. சேலத்தில் சம்பளப் பட்டியல் செய்ததை இங்கே ஒரு மனிதரின் வேலை முறை செய்தது. ஆகவே என் வாதத்தில் ஒரு திருத்தம்: மாதச் சம்பளம் ஒரு வழி மட்டுமே. படத்தை மதிப்பிடுவதற்கு முன்பே இசைக்கான உழைப்பு முடிவாகிவிட்டிருக்க வேண்டும். அது எப்படி முடிவானாலும் சரி.

2014இல் வந்த ‘கோச்சடையான்’ இந்த வரிசையில் கடைசியாகச் சொல்லத்தக்கது. அசைவூட்டத்தைப் பார்த்துத் திரையரங்கில் முகம் சுளித்தவர்கள் ஏராளம். ஏ.ஆர். ரஹ்மானின் இசைக்கு லண்டன் செஷன் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. பாட்டில்லாத வாத்தியப் பகுதி ஒன்று ஆல்பத்திலேயே தனித் துண்டாக வந்தது. படத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவர் அதை இன்று கேட்டு மதிப்பிடலாம். 1952இல் சடை யானைக்கு வாசித்த கோஷ்டிக்குக் கிடைக்காத சலுகை இது.

கிடைக்க வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இந்தப் படம் தமிழில் ‘காடு’ என்ற பெயரில் வந்தது. இரண்டு மொழிகளில் போக வேண்டிய படத்துக்கு, வசனம் ஏறாத இசையும் சத்தமும் மட்டும் கொண்ட தடம் ஒன்று தயாராகியிருந்திருக்க வேண்டும். அதன் மேல்தான் ஆங்கிலம் ஒருமுறையும் தமிழ் ஒருமுறையும் ஏறியிருக்கும். ஆங்கில வசனமும் தமிழ் வசனமும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. ஆங்கிலத்தில் ரொமேரோவின் பேச்சு மூடிய வயலின் இழை, தமிழில் ஒரு நொடி முன்னதாகத் திறந்துகொள்ளும். தமிழில் மூடியது ஆங்கிலத்தில் திறந்திருக்கும். இரண்டு பிரதிகளையும் அருகருகே ஓட்டிக் கணினியில் ஒலித்தடங்களைப் பொருத்திப் பார்த்தால், இரண்டுக்கும் பொதுவாக உள்ளதைப் பெருமளவு பிரித்தெடுக்க இன்றைய மென்பொருளால் முடியும். அதற்கு ஆங்கிலப் பிரதி கடையில் கிடைக்கிறது. தமிழ்ப் பிரதியைத் தேட வேண்டும். தொடங்குகிறவர்கள் புனேக் காப்பகத்தின் பட்டியலிலும், சேலம், கோவை பக்கத்துப் பழைய விநியோகஸ்தர்களின் குடும்பங்களிலும் தொடங்கலாம். ஏற்காடு சாலையில் இப்போது நுழைவு வளைவு மட்டும்தான் நிற்கிறது. அங்கே தேடிப் பயனில்லை.